தெள்ளு நாய் மேல் குடியிருப்பதில்லை

கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பக்கம் நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டாருக்கு,



ஆடிக்காற்று வீசத் தொடங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றும் சாரலும் நமக்குச் சுகம். தெள்ளுப்பூச்சிக்கும் அதே சுகந்தான். வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள் இருந்து, காற்றில் ஈரமும் நன்றாக இருந்தால், முட்டையிலிருந்து கடிக்கிற பூச்சியாக வளர அதற்கு மூன்று நான்கு வாரம் போதும். சித்திரை வெயிலில் சுருண்டு செத்த புழுக்களுக்குப் பதிலாக இப்போது புதுத் தலைமுறை எழும்பும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை அதன் ராஜ்ஜியம்தான்.

இன்னும் கொஞ்ச நாளில் உங்களில் பாதிப் பேர் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பீர்கள்: "ராத்திரி பூராவும் நாய் சொறிஞ்சுக்கிட்டே கெடக்குதுங்க, என்னத்தப் போடறது?" பதிலுக்குப் பஞ்சமே இருக்காது. வேப்பெண்ணெய் என்பார் ஒருவர். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துத் தடவு என்பார் இன்னொருவர். புகையிலையை ஊறவைத்த தண்ணீர், சீத்தாப்பழக் கொட்டைப் பொடி, மண்ணெண்ணெய், பினாயில் என்று பட்டியல் நீளும். எல்லாம் பாசத்தோடு சொல்லப்படுபவை. அவற்றில் பாதி, உங்கள் பிராணியைக் கொல்லக்கூடியவை. ஆகவே அந்தப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே இந்தக் கடிதம் வந்து சேரட்டும்.

முதலில், கடிப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கம் நாய் மேல் ஊர்வதையெல்லாம் உண்ணி என்றே சொல்லிவிடுகிறோம். உண்ணிக்கு எட்டுக் கால். ரத்தம் குடித்து ஊதினால் கொட்டமுத்து மாதிரி சாம்பல் நிறத்தில் தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இடத்தை விட்டு நகராது. தெள்ளுக்கு ஆறு கால். பக்கவாட்டில் நசுக்கிவிட்டதுபோல் தட்டையான, செம்பழுப்பான உடம்பு. மயிருக்குள் விறுவிறுவென்று ஓடும், பிடிக்கப் போனால் குதித்துவிடும். இரண்டும் ஒரே நாயின் மேல் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் இரண்டின் பிழைப்பும் வேறு, தரும் தொல்லையும் வேறு. உண்ணி ரத்தத்தில் கிருமியை ஏற்றிக் காய்ச்சலில் தள்ளும். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தக் கடிதம் தெள்ளைப் பற்றியது.

சந்தேகம் தீர ஒரு சோதனை சொல்கிறேன். வெள்ளைத் துண்டு ஒன்றை நனைத்துப் பிழிந்து தரையில் விரியுங்கள். நாயை அதன்மேல் நிறுத்தி, வாலின் அடியிலும் தொடையிடுக்கிலும் பேன்சீப்பால் ஐந்தாறு தடவை வாருங்கள். கருப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ உதிரும். மண் என்றுதான் தோன்றும். ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். ஈரத்தில் ஒவ்வொரு பொடியைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு கறை மெல்லப் பரவும். மண்ணாக இருந்தால் அப்படிச் சிவக்காது. அது தெள்ளின் கழிவு, அதாவது அரைகுறையாகச் செரித்து வெளியே வந்த உங்கள் நாயின் ரத்தம்.

இந்தக் கருப்புப் பொடியை அலட்சியமாகத் தட்டிவிடாதீர்கள், கதை முழுதும் அதில்தான் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். முட்டை வழுவழுப்பானது, மயிரில் ஒட்டாது. நாய் உடம்பைச் சிலிர்த்தால் கீழே கொட்டிவிடும். கூடவே இந்தப் பொடியும் கொட்டும். முட்டையிலிருந்து வரும் புழு, வெளிச்சம் ஆகாத புழு, இருட்டைத் தேடிச் சாக்கின் மடிப்புக்குள், மிதியடியின் அடியில், சிமென்ட் விரிசலுக்குள் போய் ஒளிந்துகொண்டு அந்தக் காய்ந்த ரத்தத்தைத் தின்று வளர்கிறது. தாய் மேலே இருந்து உதிர்க்கிறது, பிள்ளை கீழே இருந்து தின்கிறது. பிறகு கூடு கட்டும். கூட்டின் பசையில் தூசியும் மண்ணும் ஒட்டி, பார்த்தால் குப்பையாகவே தெரியும். எந்த மருந்தும் அதற்குள் சுலபமாக இறங்காது. உள்ளே பூச்சி தயாராகி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடம்புச் சூடும், மூச்சுக் காற்றும் கிடைத்த நொடியில் வெளியே பாயும். நோம்பிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, பூட்டிய வீட்டைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கணுக்காலைச் சுற்றிச் சுருக்கென்று கடிப்பது இதனால்தான்.

ஒரு வீட்டிலுள்ள தெள்ளுகளை முட்டை, புழு, கூடு, பூச்சி என்று எல்லா வயதிலும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், விலங்கின் உடம்பில் இருப்பவை 5 சதவீதம் அளவுதான் என்பார்கள் கால்நடை மருத்துவர்கள். மீதி 95 சதவீதம் நாம் நடக்கிற, உட்காருகிற, படுக்கிற இடத்தில். நாயின் முதுகில் எண்ணெயைத் தடவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்தால், மீதி எல்லாவற்றையும் சாக்கிலேயே விட்டுவைத்திருக்கிறோம்.

சாக்கு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டத்துச் சாளைகளில் நாய்க்குப் படுக்கை பழைய கோணிச் சாக்கு. திருப்பூர்ப் பக்கமானால் பனியன் கம்பெனி வேஸ்ட் துணி. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார், நார்த்தூள். நகரத்து அடுக்ககத்தில் சோபா, அல்லது கடையில் வாங்கிய மெத்தை. எல்லாமே தெள்ளுப் புழுவுக்கு இருட்டும் கதகதப்பும் சாப்பாடும் ஒட்டுக்காக் கிடைக்கும் இடங்கள். பனியன் வேஸ்ட்டில் ஒரு வசதி இருக்கிறது: மலிவு, வாராவாரம் தூக்கி எறிந்துவிட்டு வேறு போடலாம். அப்படிச் செய்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஒரே மூட்டை, குட்டி போட்ட நாளிலிருந்து குட்டிகள் ஊர் ஊராகப் போன பிறகும் அதே மூலையில் கிடக்கும்.

சரி, வீட்டு வைத்தியத்துக்கு வருகிறேன். உங்களில் பலருக்குக் கோபம் வரக்கூடிய இடம் இது. "எங்க அமுச்சி காலத்துல இதெல்லாம் போட்டுத்தானே வளர்த்தாங்க?" என்பீர்கள். வளர்த்தார்கள்தான். எதை வளர்த்தார்கள் என்று பாருங்கள். கட்டுத்தரையில் நின்ற காங்கேயம் மாட்டுக்கும் எருமைக்கும் போட்ட மருந்து அது. மாட்டுக்குத் தோல் தடிப்பு, உடம்பு எடை நூற்றுக்கணக்கில், நிற்பது வெட்டவெளியில். மேலே தடவியதை முழுக்க நக்கி விழுங்கிவிடவும் அதால் முடியாது. அந்த மருந்தை நாலு கிலோ பூனைக்கு, அதுவும் நாள் முழுக்கத் தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்கிற பிராணிக்குப் போடுவதை எந்த அமுச்சியும் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

இந்த மரபு மருந்துகளை நான் கேலி செய்யவில்லை. தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பல ஆண்டு உழைத்து மாட்டுக்கான மூலிகை மருந்துகளைத் தொகுத்தார். தேசியப் பால்வள வாரியமும் அவற்றைப் பால் உற்பத்தியாளர்களிடம் கொண்டுபோனது. உண்ணிக்கான அந்தக் கலவையில் வேப்பிலை, பூண்டு, வசம்பு, மஞ்சள், உண்ணிச்செடி இலை, துளசி எல்லாம் உண்டு. அரைத்து, தண்ணீரில் கலந்து, வடிகட்டி மாட்டின் மேல் தெளிக்க வேண்டும். நல்ல மருந்து, மாட்டுக்கு. அதையே அப்படியே நாய்க்குத் தெளிக்கலாம் என்று செல்போனில் சுற்றிவரும் வீடியோக்களைத்தான் சொல்கிறேன். பூண்டு நாய், பூனை ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும். நம் சின்ன வெங்காயமும் அப்படியே. ஏற்கெனவே தெள்ளு ரத்தத்தை உறிஞ்சி வெளுத்துப்போன குட்டிக்கு, தெள்ளு ஓடட்டும் என்று சோற்றில் பூண்டைப் பிசைந்து வைப்பதைவிடத் தப்பான வைத்தியம் கிடையாது.

கற்பூரம் இன்னும் மோசம். தேங்காய் எண்ணெயில் கரைந்த கற்பூரம் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும், வலிப்பு வரும். புகையிலைத் தண்ணீரில் இருப்பது நிகோட்டின், பயிர்ப் பூச்சியைக் கொல்லப் பயன்பட்ட விஷம். சீத்தாப்பழக் கொட்டைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிவிடும். பேனுக்காகத் தலையில் தேய்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட மனிதர்களும் உண்டு. நாய் தன் காலால் முகத்தைத் தேய்க்காமல் இருக்குமா? மண்ணெண்ணெயைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்தில் மண்ணெண்ணெய் தேய்க்கப்பட்ட குட்டியின் வயிற்றைப் பார்த்திருக்கிறேன். மயிர் உதிர்ந்து, வெந்த தோல் உரிந்து, ஈயை விரட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. தெள்ளு செத்ததா என்று கேட்டேன். "செத்துதுங்க, ஆனா மறுபடியும் வந்துருச்சு" என்றார்கள். வராமல் என்ன செய்யும், சாக்கு அங்கேயேதான் கிடந்தது.

பினாயிலும் அதுபோன்ற தரை கழுவும் மருந்துகளும் பூனைக்கு எமன். இத்தகைய பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்வதில்லை. நாய் தாங்குவதைப் பூனை தாங்காது. மாட்டு உண்ணிக்கென்று வாங்கி மாட்டுச்சாளைப் பரணில் வைத்திருக்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்துகளைக் கண் அளவாகக் கலந்து பூனை மேல் ஊற்றினால் நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகும். நாய்க்கென்று விற்கிற பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு ஆகாது. பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் போய், நாய்க்கும் ஆகுமா என்று கேட்காதீர்கள். அவர் பயிருக்கு மருந்து விற்பவர். ஃபிப்ரோனில் என்ற பெயர் நெல்வயல் மருந்திலும் இருக்கும், நாயின் கழுத்தில் விடும் சொட்டு மருந்திலும் இருக்கும். பெயர் ஒன்று என்பதால் மருந்தும் ஒன்றாகிவிடாது.

வேம்பை என்ன செய்வது? இந்த மண்ணில் வேம்பை விட்டுவிட்டுப் பேச முடியாது. வேம்பின் வீரியம் அசாடிராக்டின் என்ற பொருளில் இருக்கிறது. அது பெரும்பாலும் கொட்டைப் பருப்பில் உண்டு, இலையில் கொஞ்சம்தான். பூச்சி சட்டை உரித்து வளர்வதைக் குழப்புவதுதான் அதன் முக்கிய வேலை. வளர்ந்த தெள்ளு சட்டை உரிப்பதில்லை, உரிப்பது புழு. புழு எங்கே இருக்கிறது? தரையில். அப்படியானால் வேம்பும் போக வேண்டிய இடம் தரைதான், நாயின் முதுகு அல்ல. நம் விவசாயிகளுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் கைவந்த கலை. வேளாண் பல்கலைக்கழகம் பல காலமாகப் பரிந்துரைப்பது. லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும். அதையே நாய்க்கூண்டு மூலை, திண்ணை அடி, போர்டிகோ ஓரம் ஆகிய இடங்களில் சாயங்காலமாகத் தெளித்து, காயும்வரை நாய் பூனையை அண்ட விடாதீர்கள். வெயில் பட்டால் அதன் வீரியம் சில நாளில் போய்விடும், மறுபடி தெளிக்க வேண்டும். இது துணைக்கு மட்டும். முதல் வேலையைச் செய்யாமல் இதை மட்டும் செய்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது.

முதல் வேலை சீமாறும் வெந்நீரும். கேட்க உப்புச்சப்பில்லாமல் இருக்கும், தெரியும். நாய் படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் முக்கி எடுத்து, மொட்டை மாடியில் சுள்ளென்ற வெயிலில் காயப்போடுங்கள். சாக்கானால் எரித்துவிட்டு வேறு போடுங்கள். சோபாவின் இருக்கையைத் தூக்கி அடியில் கூட்டுங்கள். வேக்குவம் கிளீனர் இருக்கிறவர்கள் விரிசல்களில் வைத்து இழுத்து, பையை அன்றைக்கே வெளியே கொட்டுங்கள். அதன் அதிர்வுக்கே கூட்டிலிருந்து சில வெளியே வரும். வரட்டும், வெளியே வந்தால்தான் மாட்டும். நாய்க்கூண்டில் மணல் இருந்தால் மேல்மண்ணை வழித்துவிட்டு வெயில் விழும்படி கூரையைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். பிளேக் காலத்தில் பம்பாயில் அதிகாரிகள் வீட்டு ஓடுகளைப் பிரித்து உள்ளே வெயிலை விட்டார்களாம்.

பிளேக் என்றதும் நினைவு வருகிறது. கோவையில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நோய் இந்த ஊரை மறுபடி மறுபடி அடித்தது. நெரிசலான பழைய ஊருக்கு வெளியே ஆர்.எஸ்.புரம் போன்ற அகலத் தெருக்கள் வந்ததற்கும் அந்தப் பயம் ஒரு காரணம். எலியிலிருந்து நோயைக் கடத்துவது தெள்ளுதான் என்று 1898இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற மருத்துவர் சோதித்துக் காட்டினார். வருடக்கணக்கில் அவரை யாரும் நம்பவில்லை. பயப்படாதீர்கள், அது எலித்தெள்ளு. நம் வீட்டு நாய் பூனை மேல் இருப்பது வேறு சாதி. ஆனாலும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிற ஊருக்கு, இத்துணூண்டு பூச்சி எவ்வளவு செய்யும் என்று தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி உடம்பு. குளிப்பாட்டும்போது முதலில் கழுத்தைச் சுற்றி நல்ல நுரையாகப் போட்டுவிடுங்கள். வயிற்றில் தண்ணீர் பட்ட உடனே தெள்ளு தலைக்குத்தான் ஓடும், காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் ஒண்டிக்கொள்ளும். கழுத்து நுரை வேலி போட்டுத் தடுக்கும். நாய்க்கான ஷாம்பு போதும். நுரையோடு ஐந்து பத்து நிமிடம் விட்டு, பிறகு ஊற்றுங்கள். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்புத் தண்ணீரில் மூழ்கும். ஈரம் காய்ந்ததும் பேன்சீப்பால் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்குங்கள். பூனைக்குக் குளியலைவிடச் சீப்பே உத்தமம். தினம் சாயங்காலம் மடியில் போட்டு வாரினால் அதுவும் சுகமாகப் படுத்துக்கொள்ளும். நகத்தால் நசுக்கிக் கொல்வதை விட்டுவிடுங்கள். தெள்ளு வயிற்றில் நாடாப்புழுவின் குஞ்சு இருக்கலாம். நாய் தெள்ளைக் கடித்து விழுங்கித்தான் அந்தப் புழுவை வாங்கிக்கொள்கிறது, பிறகு அதன் ஆசனவாயைச் சுற்றி வெள்ளைத் துண்டுகள் நெளியும். தரையில் தவழ்ந்து வாயில் கை வைக்கும் குழந்தைக்கும் சில சமயம் வரும். தெள்ளு கண்ட நாய்க்குக் குடற்புழு மாத்திரையும் கேட்டு வாங்குங்கள்.

குறைகிறதா இல்லையா என்று பார்க்க ஒரு வழி: ராத்திரி, அகலமான தட்டில் சோப்புத் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து, அதன்மேல் அகல்விளக்கை ஏற்றி வையுங்கள். நாய் பூனையையும் குழந்தைகளையும் உள்ளே விடாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் குதித்த தெள்ளு தண்ணீரில் விழும். இது ஒழிக்கும் வைத்தியமாகாது. எந்த அறையில் அதிகம் என்று காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். அது தெரிந்தால் சீமாறு எங்கே போக வேண்டும் என்று தெரியும்.

வெள்ளாடு, கோழி வைத்திருப்பவர்களே, உங்களுக்குத் தனியாக ஒன்று. நாய்த்தெள்ளு ஆட்டுப்பட்டிக்கும் ஏறும். மழைக்காலத்தில் குட்டிகள் காரணம் தெரியாமல் சோர்ந்து சாகும்போது அடிமயிரை விலக்கிப் பாருங்கள். பட்டியில் மண்டிய எருவை வாரி அப்புறப்படுத்தாமல் நாயை மட்டும் பார்த்துப் பயனில்லை. வீட்டில் எத்தனை பிராணி இருக்கிறதோ, அத்தனைக்கும் ஒரே நாளில், அதனதற்கு ஆகும் மருந்தைப் பாருங்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மாதம் விடாமல் தொடர்ந்தால் பெரும்பாலான வீடுகளில் அடங்கிவிடும். இரண்டு மாதம் ஏன் என்றால், கூட்டுக்குள் காத்திருப்பவை வெளியே வந்து தீர வேண்டும். அவசரக்காரர்களுக்கும், சோபாவை விட்டு இறங்காத நாய் வைத்திருப்பவர்களுக்கும் மருத்துவரிடம் நல்ல மருந்து இருக்கிறது: கழுத்தில் விடும் சொட்டு, ஒரு மாதம் தாங்கும் மாத்திரை, மூன்று மாதம் தாங்கும் மாத்திரை. எடை பார்த்து, வலிப்பு இருந்ததா என்று கேட்டுத் தருவார்கள். விலை கொஞ்சம் கடிக்கும். இருந்தாலும் கற்பூர எண்ணெய் போட்ட நாய்க்கு நள்ளிரவில் ஆகும் ஆஸ்பத்திரிச் செலவைவிடக் குறைவுதான். வாலடியில் மயிர் கொட்டிப் புண்ணாகியிருந்தால் அது பெரும்பாலும் தெள்ளுக்கடி ஒவ்வாமை. நாலைந்து பூச்சி கடித்தாலே சில நாய்களுக்கு அப்படி ஆகும். அதற்கும் மருத்துவர்தான்.

கடைசியாக, குட்டி வைத்திருப்பவர்கள் கேளுங்கள். இன்றைக்கே குட்டியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி, வீட்டிலேயே சீப்பும் வெந்நீரும் போதும். வெளுத்திருந்தால் ரத்தம் போய்விட்டது என்று அர்த்தம். எண்ணெய் எதையும் தேடாமல் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்கு உடனே கிளம்புங்கள். திரும்பி வருவதற்குள் அந்தச் சாக்கை எரித்துவிடும்படி வீட்டிலிருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.